பொட்டு வைத்த சென்சார்

சென்ற ஆண்டு ஆயுத பூஜை விடுமுறை முடிந்த மறுநாள், காலை ஏழு நாற்பதுக்கு நூம்பல் பக்கம் ஒரு பழைய பாலத்தின் அடியில் நின்றிருந்தேன். மண்ணூர்பேட்டையில் கருவிகள் செய்யும் சிறிய பட்டறையில் எனக்கு வேலை. பாலத்தின் விரிசல் ஒன்றின் மேல், குறைந்த விலையில் நாங்கள் செய்த சென்சாரைச் சோதனைக்காகப் பொருத்தியிருந்தோம். விரிசல் மயிரிழை அகன்றாலும் அது செல்போனுக்கு அளவை அனுப்பிவிடும்.

அன்று அளவு கூடியிருந்தது. வந்து பார்த்தால் சென்சார் பெட்டியின் மேல் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி! பாலத்து நிழலில் தள்ளுவண்டியில் இட்லி விற்கும் அம்மாவின் வேலை.

“யாரைக் கேட்டும்மா இதைத் தொட்டீங்க?” சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எதிரிலேயே கத்தினேன்.

“அதுவும் வேலை செய்யற பொட்டிதானே, அத்த மட்டும் உட்ருவனா? வெரல் நுனியாலதான் சார் வெச்சேன். பொட்டு வெச்சா பாலம் ஒட்ஞ்சிடுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. டைரியை எடுத்து, ‘பூஜையின்போது கருவி அசைக்கப்பட்டது, அளவு தவறு’ என்று எழுதினேன். சென்சாரை மறுபடி பூஜ்யத்தில் வைக்க செல்போனை எடுத்தேன். அந்தப் பொத்தானை அழுத்தினால், அகன்ற விரிசலே சரியான நிலை என்று பதிவாகிவிடும்.

“தொட்டது தப்புதான் சார். ஆனா பூஜைக்கு மின்னாடியே மேலருந்து மண்ணு உயுந்துகினு கீது. சட்னில கூட உயுது. அதான் வண்டிய தள்ளிப் போட்டுகினேன்.”

என் விரல் நின்றது. பழைய பதிவுகளைத் திறந்தேன். பூஜைக்கு இரண்டு நாள் முன்பே அளவு ஏறத் தொடங்கியிருந்தது. லாரி போகும்போதெல்லாம் விரிசல் விரிந்து, முழுதாக மூடாமல் நின்றிருந்தது. சென்சார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. பூஜைக்கு முன்பே விடுமுறை எடுத்துக்கொண்டு, அதைப் பார்க்காமல் இருந்தவன் நான்.

உடனே பாலத்தின் பொறியாளரை அழைத்தேன். மதியத்துக்குள் லாரிகளை நிறுத்தி, அடியில் யாரும் போகாதபடி கயிறு கட்டினார்கள். அந்த அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வண்டியை வெயிலுக்குத் தள்ளினார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். மன்னிப்புக் கேட்டபோது, “உடு சார், பாலம் இன்னும் நிக்கிதே, அது போதும்” என்று ஒரு தட்டில் இட்லி வைத்து நீட்டினார்.

என் டைரிகளில் அடித்தல் திருத்தல் இருக்காது. அந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி அடிக்கப்பட்டிருக்கிறது. எதையாவது ‘தவறு’ என்று எழுதப் பேனாவைத் திறக்கும்போதெல்லாம், அந்த ஒரு கோடு என்னை நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரை முதலில் ஒரு வார்த்தை கேட்க வைக்கிறது.