இடப்பக்கக் கதவு

என் காரின் இடப்பக்க முன்கதவு இப்போது ஒரே இழுப்பில் மூடிக்கொள்கிறது. இரும்பு இரும்பைப் பற்றும் குறுகிய, திருத்தமான ஓசை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காய்கறிப் பையை அந்த இருக்கையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தும்போதெல்லாம் ஒரு கணம் நின்று கேட்கிறேன். என் மனைவி உயிரோடிருந்த கடைசிக் காலத்தில் அது இப்படி மூடியது அரிது. சாத்தினால் சிறு துள்ளலுடன் திரும்பி வந்துவிடும். சில வேளைகளில் பற்றிக்கொண்டதுபோல் நடித்து, திருநெல்வேலிச் சாலையின் முதல் வளைவிலேயே கைவிட்டுவிடும். ஒருமுறை அப்படித் திறந்துகொண்டபோது, இருக்கைப் பட்டையை ஒரு கையாலும் கதவை மறு கையாலும் பிடித்தபடி அவள் சிரித்தாள். நான் வண்டியை ஓரங்கட்டி இறங்கி ஓடுவதற்குள், "பதறாதீங்க. உங்க காருக்கும் என்னைய மாதிரியே மூட்டு விட்டுப்போச்சு, அவ்வளவுதான்" என்றாள்.

அவளுக்கு வந்தது எலும்பை அரிக்கும் நோய். இடத் தோளில் தொடங்கி இடுப்புக்கு இறங்கியது. வாரந்தோறும் திருநெல்வேலி மருத்துவமனைக்குப் போய்வர வேண்டியிருந்தது. பேருந்தில் அவளால் உட்கார முடியாது. வாடகைக் கார் என்றால் மறுத்துவிடுவாள். "அடுத்த ஆள் வண்டில உக்காந்துக்கிட்டு வலிக்குன்னு சொல்ல முடியுமா?" என்பாள். முனகுவதற்கும் மனிதருக்குச் சொந்தமான ஓர் இடம் வேண்டும் என்பதை அந்தச் சொல்லிலிருந்துதான் விளங்கிக்கொண்டேன். ஆகவே எங்கள் பழைய கார் ஓடியாக வேண்டும். அதன் கதவு மூடியாக வேண்டும். அந்நாட்களில் எங்கள் வாழ்க்கை முழுவதும் அந்தச் சிறிய இரும்புக் கொக்கியின் மீது நின்றது என்று சொன்னால் மிகையாகாது.

மருத்துவமனைக்குப் புறப்படும் ஒவ்வொரு நாளும் முதலில் கோயில். எங்கள் ஊர்க் கோயிலின் புற்றுமண்ணை நோய்கண்டவர்கள் நெற்றியில் இடுவார்கள். நோகும் இடத்தில் குழைத்துப் பூசுவார்கள். வெளியூர்களிலிருந்து அதற்காகவே வந்து போகிறவர்கள் உண்டு. நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மண்ணைப் பற்றி எனக்கு வேறு வகையான அறிவு இருந்தது. அதை அவளிடம் பேசியதில்லை, அவளும் என்னை உள்ளே அழைத்ததில்லை. ரத வீதியில் வண்டியை நிறுத்திவிட்டு எதிர்க்கடை நிழலில் நாளிதழ் படிப்பேன். அவள் தரிசனம் முடித்து வந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சிறிது நேரம் அமர்ந்திருப்பாள். பிறகு கைகாட்டி அழைப்பாள். சேலைத் தோளில் செம்மண் கறை இருக்கும். பார்ப்பேன், கேட்கமாட்டேன். எங்களுக்குள் அது ஓர் ஒப்பந்தம்போல் இருந்தது.

கதவைப் பார்த்துவந்தவர் திருநெல்வேலிச் சாலையில் ஊர் முடியும் இடத்தில் ஒர்க்ஷாப் வைத்திருப்பவர். கடையநல்லூர்க்காரர்; பல ஆண்டுகள் வளைகுடாவில் வண்டி பழுதுபார்த்துத் திரும்பியவர். நான் அவரைப் பாய் என்பேன். அவர் என்னைச் சார் என்பார், என் மனைவியை அம்மா என்பார். அடக்கமாகப் பேசும் பழக்கம் அவரிடம் இல்லை. "துபாயில ஷேக்கு வண்டியெல்லாம் என் கைக்கு அடங்கும் சார். உங்க கதவுதான் அடங்க மாட்டேங்குது" என்று சாலை கேட்கச் சொல்வார். பெட்ரோல் விட்டுக் கழுவுவார், கிரீஸ் வைப்பார், நாலு முறை அடித்துச் சாத்திக் காட்டுவார். சில நாள் கழித்துக் கதவு பழைய குணத்துக்கு வந்துவிடும். செலவு ஏறிக்கொண்டே போயிற்று. மருந்துச் செலவின் அருகில் வைத்தால் சிறிது என்றாலும், முடிவில்லாத சிறுசெலவு மனிதனை வேறு விதமாக அரிக்கிறது. கடைசியில் நானே, கொக்கியை முழுதாக மாற்றிவிடுங்கள் என்றேன். அவர் ஏனோ தயங்கினார். நான் வற்புறுத்தியதும் மதுரையிலிருந்து புதிய லாக் வரவழைத்து மாட்டினார். அதற்கான தொகை சிறியதன்று. அதுவும் ஒரு மாதம் நிற்கவில்லை.

அந்தச் செய்தி என் மைத்துனர் காதுக்குப் போயிற்று. அவர் கரிவலம்வந்தநல்லூரில் விவசாயம் பார்ப்பவர். அக்காள்மேல் உயிரையே வைத்திருந்தவர். அடுத்த பயணத்தில் தாமும் வருவதாகச் சொல்லிப் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டார். ஒர்க்ஷாப் வாசலில் வண்டி நின்றதுமே இறங்கிவிட்டார்.

"என்ன வே, மாசத்துக்கு ஒரு தடவை வாரதுக்கு இது கதவா, காய்ச்சலா?"

"அண்ணாச்சி, வண்டின்னா—"

"வண்டியப் பத்தி எனக்குச் சொல்லாதீரும். புது லாக்குன்னு துட்டு வாங்கிட்டுப் பழசத் தொடச்சு மாட்டியிருக்கீரு. சீக்காளிப் பொம்பளை உக்காருத வண்டி வே இது. அதுலயுமா கை வைப்பீரு?"

தேநீர்க் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் மைத்துனரின் தோளைத் தொட்டேன், அவர் அடங்கவில்லை. எனக்கு வியப்பாக இருந்தது பாயின் அமைதி. சொல்லுக்குச் சொல் கொடுக்கிற மனிதர், வாய் திறக்கப் போனவர், ஒருமுறை காரின் பக்கம் பார்த்தார். கண்ணாடி இறக்கியிருந்தது, என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். "சரி அண்ணாச்சி. இனிமே இந்தக் கதவுக்கு நான் துட்டு வாங்கல" என்று மட்டும் சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே கடையில் நின்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் தனியே, "ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கெல்லாம் இங்கன நின்னுட்டுப் போங்க சார். கதவப் பாக்காம போவாதீங்க" என்றார். அதன்பின் ஒரு பயணம்கூடத் தவறவில்லை. எங்கள் வண்டி வருவது தெரிந்தால் செய்துகொண்டிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வருவார். குனிந்து, முதுகால் மறைத்துக்கொண்டு, கொக்கியைக் கழுவிச் சாத்தி, "போய்ட்டு வாங்கம்மா" என்பார். அதற்குப்பின் சாலையில் அந்தக் கதவு ஒருபோதும் திறந்துகொள்ளவில்லை.

என் மனைவி சென்ற ஆடியில் காலமானாள். அதைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை.

காரை நெடுநாள் எடுக்கவில்லை. பிறகு தேவைக்கு எடுக்கத் தொடங்கினேன். கதவு பழுதாகவே இல்லை. மழைக்காலம் போயிற்று, வெயில் வந்தது. கொக்கி தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. பிரேக் பார்க்க வேண்டி ஒர்க்ஷாப்புக்குப் போன ஒரு காலையில், "கடைசியில் நல்ல வேலை செய்துவிட்டீர்கள் பாய். கதவு அன்றிலிருந்து தொந்தரவே தரவில்லை" என்றேன். பாராட்டை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொள்கிறவர், அன்று வாங்கவில்லை. பழந்துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"செய்யாத வேலைக்குப் பேரு வாங்கக் கூடாது சார்" என்றார். "அம்மாவும் இப்ப இல்ல, அதனால சொல்லுதேன். மொதத் தடவ வெறும் துருதான், அத எடுத்துட்டேன். அதுக்கப்புறம் லாக்கு என்னிக்கும் கெடல. ஒவ்வொரு தடவையும் உள்ள மண்ணு இருந்துச்சு. கோயில் மண்ணு. கொழச்சு அப்பியிருக்கும், குங்குமம் கூட ஒட்டியிருக்கும். கிரீஸோட சேந்து காஞ்சு கல்லா புடிச்சுக்கிடும்."

எனக்கு உடனே விளங்கியது. திறந்த கதவருகே அவள் அமர்ந்திருந்த அந்தச் சிறிது நேரம் விளங்கியது. நோகும் இடத்தில் மண் பூச வேண்டும். கதவுக்கும் நோய் வந்திருந்தது. தோளுக்குப் பூசிய விரலாலேயே அதற்கும் பூசியிருக்கிறாள். பூசப் பூசக் கதவு கெட்டது. கெடக் கெட மேலும் பூசினாள்.

"என்னிடம் சொல்லியிருக்கலாமே?"

"உங்ககிட்ட சொன்னா நீங்க அம்மாட்டக் கேப்பீங்க. கேக்காட்டியும் மொகத்துல தெரியும். சீட் பெல்ட்டத் தொடைக்கும்போது பாத்தேன் சார், தோள் படுற எடத்துல அதே மண்ணு. கதவுக்குப் போட்ட மண்ணு கதவையே கெடுத்துட்டுன்னு தெரிஞ்சா, ஒடம்புக்குப் போட்டுக்கிட்ட மண்ணப் பத்தி அவங்க என்ன நெனப்பாங்க? அதும் நான் ஒரு பாய். என் வாயாலயா அதச் சொல்லணும்?"

மைத்துனர் பேசிய பேச்சை நினைவூட்டி ஏதோ சொல்ல முயன்றேன். அவர் கையசைத்துத் தடுத்தார். "அண்ணாச்சி அக்காவ நெனச்சுப் பேசுனாரு. அதுல என்ன இருக்கு? ஆனா ஒண்ணு சார், பழச மாட்டிட்டேன்னு சொன்னாரு பாருங்க, அது மட்டும் ரெண்டு நாள் தூங்க விடல" என்று சொல்லித் தமது பழைய சிரிப்பைச் சிரித்தார்.

நோயின் அந்த மாதங்களில் மருத்துவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். செவிலியருக்கும் உறவினருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். அவர்களுக்கெல்லாம் உரிய வகையில் நன்றி சொல்லியாயிற்று. ஆனால் என் மனைவி கடைசிவரை நம்பிக்கையோடு ஒரு பிடி மண்ணைக் குழைத்தாள் என்றால், அதைக் காத்துக் கொடுத்தவர் தெருவில் திருடன் என்று பெயர் வாங்கிக்கொண்டு வாரந்தோறும் முதுகு வளைத்து நின்ற இந்த மனிதர். அந்த மண் அவளைக் குணப்படுத்தவில்லை. அது தோற்றது என்பதை அவள் அறியாமல் போனாள் என்பதே இன்று என் பெரிய ஆறுதல்.

பிரேக் வேலை முடிந்தது. நான் ஏறி அமர்ந்த பிறகு அவர் இடப்பக்கக் கதவைத் திறந்து, உட்புற அட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள அடியில இன்னும் கொஞ்சம் மண்ணு எறங்கிக் கெடக்கும் சார். அட்டையக் கழத்துனா சுத்தமா எடுத்துரலாம். எடுக்கவா?"

"இருந்தால் கதவுக்குக் கெடுதலா?"

"கெடுதல் ஒண்ணும் இல்ல. அது பாட்டுக்குக் கெடக்கும்."

"கிடக்கட்டும் பாய்" என்றேன்.

அவர் தலையசைத்து, கதவை மெதுவாகச் சாத்தினார்.