டிரைவரம்மாவின் மூக்கு

பள்ளிப் பேருந்து ஓட்டும் அந்த அம்மாளுக்குப் பணிமனையில் 'மோப்பம்' என்று பட்டப்பெயர். டீசல் எங்கே கசிகிறது, எந்த டயர் சூடேறுகிறது என்பதைக் கிட்டப் போகாமலே சொல்லிவிடுவாள். "போலீஸ் நாய்க்கு ஓய்வு குடுத்துட்டு இந்த அக்காவ வேலைக்கு எடுத்துக்கலாம்" என்று மெக்கானிக் கேலி செய்வான். அவளும் சிரிப்பாள்.

ஆனால் அந்த மூக்கு பழகிய கதையில் சிரிக்க ஒன்றுமில்லை. அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது அண்ணனுக்குப் பதினைந்து. அவன் வீட்டுக்குள் நுழைந்ததும், "போய் அவன் வாய மோந்துட்டு வா" என்று அம்மா அவளை அனுப்புவாள். அண்ணன் குனிந்து அவள் கையில் ஒரு புதுப் பென்சிலைத் திணிப்பான். "ஒண்ணும் இல்லன்னு சொல்லிடு, கண்ணு." அவளும் சொல்வாள். டப்பா நிறையப் பென்சில் சேர்ந்தது. முப்பத்தொன்றாவது வயதில் கல்லீரல் கெட்டு அண்ணன் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு அவள் யார் சொல்லையும் சட்டென்று நம்புவதில்லை. குறிப்பாகத் தன் சொல்லை.

நாற்பத்தெட்டு வயதில், ஒரு திங்கட்கிழமைக் காலை, நாற்பது பிள்ளைகளோடு மேம்பாலம் ஏறும்போது அந்தப் பழைய சாராய வாடை வந்தது. புதினா மிட்டாய் வாசனைக்கு அடியில் ஒளிந்துகொண்டு வந்தது. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஜன்னலில் சாய்ந்து தூங்குகிறவன் ஏன் தூங்குகிறான்? அந்த இரண்டு பேர் எதற்கு இப்படிச் சிரிக்கிறார்கள்? தண்ணீர் பாட்டில் கைமாறினால் அதையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். பிள்ளைகள் இறங்கிய பின் இருக்கைகளுக்கு அடியில் குனிந்து தேடினாள். ஒரு மூடிகூடக் கிடைக்கவில்லை.

புதன்கிழமைக்குள் சந்தேகம் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கே ஒரு நெட்டையன் இருந்தான். பதினாறு வயது, யாரோடும் பேசமாட்டான். அவன் அப்பா குடிகாரர் என்பது தெருவுக்கே தெரியும். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்கிறார்களே, தகப்பனுக்கு மட்டும் அது பொருந்தாதா என்ன? அவள் தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னாள்.

மறுநாள் காலை தலைமையாசிரியை பேருந்து வாசலிலேயே காத்திருந்தார். எல்லோரும் பார்க்க நெட்டையனின் பையைத் தரையில் கொட்டச் சொன்னார். நான்கு நோட்டு, ஒரு ஜாமெட்ரி பெட்டி, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பழைய செருப்பு.

"இது என்ன?"

"அப்பாவோடது, மிஸ். வார் அறுந்துபோச்சு. சாயங்காலம் தைக்கக் குடுக்கணும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கிப் பையில் போட்டான். நிமிரும்போது டிரைவரம்மாவை ஒரே ஒரு தரம் பார்த்தான். வெள்ளிக்கிழமை அவன் பேருந்தில் ஏறவில்லை.

வாடை மட்டும் ஏறியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஜன்னல்கள் திறந்திருக்கும்போது காற்று முன்னாலிருந்து பின்னால் போகும். கடைசி வரிசை வாடை தன் மூக்குக்கு எப்படி வரும்? தனக்கு நேர் பின்னால் பார்த்தாள். முதல் இருக்கையில், மடியில் புத்தகத்தோடு, வகுப்புத் தலைவி. தினமும் "குட் மார்னிங், ஆன்ட்டி" சொல்லி ஒரு புதினா மிட்டாயை நீட்டுகிற பெண். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி எதிலும் முதல் பரிசு. மூக்கை நம்புவதா, கண்ணை நம்புவதா என்று தெரியாமல் அவள் இரண்டு சிக்னல் கடந்தாள்.

பள்ளி வாசலில் எல்லோரும் இறங்கட்டும் என்று காத்திருந்து, அந்தப் பெண்ணை மட்டும் நிறுத்தினாள்.

"அந்த ஸ்டீல் பாட்டில கொஞ்சம் குடும்மா."

"அது... இருமல் மருந்து, ஆன்ட்டி."

"நான் பத்து வயசுலேந்து இந்த மருந்த மோந்து பாத்தவ. குடு."

பெண்ணின் கை நடுங்கியது. பயத்தில் மட்டும் வருகிற நடுக்கம் அல்ல அது. "பரீட்சைன்னா கை நடுங்கும், ஆன்ட்டி. ஒரு தடவ ஃப்ரெண்டு வீட்டுல குடிச்சேன், நின்னுது. இப்ப குடிக்காட்டிதான் நடுங்குது."

"எங்க வாங்கற?"

"சந்து முனை பிராந்திக் கடையில. யூனிஃபார்ம் தெரியாம கோட்டு போட்டுட்டு வரச் சொல்வாரு. வயசெல்லாம் கேட்டதில்ல." பிறகு டிரைவரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, ஆன்ட்டி. ப்ளீஸ்" என்றாள்.

"ஒருத்தனுக்காகச் சொல்லாம இருந்திருக்கேன்மா" என்றாள் டிரைவரம்மா. "அவன் இப்ப இல்ல. உங்க அம்மாகிட்ட நாம ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்லுவோம்."

திங்கட்கிழமை தலைமையாசிரியையின் அறையில் கூடினார்கள். கதவு சாத்தப்பட்டிருந்தது. பெண்ணின் அம்மா அழுதுகொண்டிருந்தாள். அப்பா, "வெளிய தெரிஞ்சா அவ எதிர்காலம் என்ன ஆகும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நல்ல குடும்பம், நல்ல பிள்ளை, சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்றார் தலைமையாசிரியை.

"நான் ஒண்ணு சொல்லலாமா, மேடம்?" என்று எழுந்தாள் டிரைவரம்மா. "இப்படிக் கதவச் சாத்திட்டுப் பேசறதுதான் சரி. ஆனா அந்தப் பையனோட பைய நாப்பது பேர் முன்னாடி கொட்டினோமே. அவன் குடிச்சே இருந்தாலும் அவனுக்கும் இந்தக் கதவச் சாத்தியிருக்கணும். பழிய எடுத்துக் குடுத்தவ நான்தான். புள்ளைங்களயே சந்தேகப்பட்டேன். விக்கிறவனச் சந்தேகப்படணும்னு எனக்குத் தோணவேயில்ல."

தலைமையாசிரியை ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். கடைக்காரன் மேல் புகார் எழுதியபோது முதல் கையெழுத்தை அவள் போட்டாள். வெகுநேரம் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெண்ணின் அப்பா இரண்டாவது கையெழுத்தைப் போட்டார்.

கடையை ஆறு வாரம் பூட்டினார்கள். திறந்தபோது 'சிறுவர்களுக்கு மது விற்பனை இல்லை' என்று பெரிய பலகை தொங்கியது. அவள் பலகையை நம்பவில்லை. கடைக்கு எதிரே பேருந்தைத் திருப்பும் இடத்தில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து, கோட்டுப் போட்டு யாராவது நுழைகிறார்களா என்று பார்ப்பாள். கடைக்காரனும் அவளை முறைப்பான்.

வகுப்புத் தலைவி அந்த வருடம் பரீட்சை எழுதவில்லை. மருத்துவமனையில் மூன்று வாரம் இருந்துவிட்டு, பிறகு வாரம் இரண்டு நாள் போய் வந்தாள். நடுவில் ஒருமுறை மறுபடி குடித்தாள். டிரைவரம்மாவிடம் தானே வந்து சொன்னாள். அடுத்த வருடம் அதே வகுப்பில், தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்து படித்தாள்.

புகார் எழுதிய அந்த வாரமே நெட்டையனிடம் மன்னிப்புக் கேட்க டிரைவரம்மா அவன் வீட்டுக்கே போனாள். அவள் சொன்னதை அவன் வாசற்படியிலேயே நின்று கேட்டுக்கொண்டான்.

"தப்பு என் மேலதான், தம்பி. நாளைக்கு பஸ்ஸுக்கு வா."

"எல்லார் முன்னாடியும் கொட்டிட்டு, தனியா வந்து மன்னிப்புக் கேக்கறீங்க" என்றான் அவன்.

மறுநாள் காலை அவள் பேருந்தைக் கிளப்பும் முன் பிள்ளைகள் பக்கம் திரும்பி நின்று, அவன் பெயரைச் சொல்லி, தான் செய்த தவற்றையும் சொன்னாள். அதைக் கேட்க அவன் அங்கே இல்லை. யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் அவன் நடந்தேதான் பள்ளிக்குப் போனான். ஆனால் பேருந்து கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதை மட்டும் விட்டுவிட்டான்.