வயது வேறுபாடின்றி

தேநீர் ஆறிக்கொண்டிருக்க, டைப்பிஸ்ட் அம்மாவின் பத்து விரல்களும் சாப்பாட்டு மேசைமேல் தட்டிக்கொண்டிருக்கின்றன. முகம் ஜன்னல் பக்கம். விரல்களுக்கு அவர் தேவையில்லை. பழக்கதோஷம் என்றுதான் வீட்டில் விட்டுவிட்டார்கள். தட்டச்சு படித்த மருமகள் ஒருநாள் கூர்ந்து பார்த்தாள். திரும்பத் திரும்ப ஒரே வரி. அன்றிலிருந்து அவள் அந்த மேசையில் சாப்பிடுவதில்லை.

பிழை என்றால் அம்மாவுக்கு ஆகாது. மருந்துச் சீட்டு, கடைப் பலகை, எதையும் விடமாட்டார். இரங்கல் அறிவிப்பில்கூடச் சிவப்பு மை.

"செத்தவருக்கு ஒற்றெழுத்து அவ்வளவு முக்கியமா அத்தை?"

"செத்தவருக்குத்தான் முக்கியம். திருத்தச் சொல்லி அவர் வரமாட்டார் பாரு."

போர்க்காலத்தில் ஒரு படைத்தள அலுவலகத்தின் ஒரே தட்டச்சர் இவர். "ஆத்தங்கரை ஊர்ல யாரையும் விடக்கூடாதுன்னு அடிங்க" என்றார் அதிகாரி. வாக்கியம் மொட்டையாக நிற்பதாக இவருக்குப் பட்டது. யாரையும் என்றால் யாரை? உத்தரவில் சந்தேகம் தங்கலாமா? 'வயது வேறுபாடின்றி' என்று தாமாகவே சேர்த்து, ஓரம் பிசகாமல் அடித்துக் கொடுத்தார். அதிகாரி படித்துப் பார்த்து, "இப்பத்தான் தெளிவா இருக்கு" என்று கையெழுத்திட்டார். பாராட்டில் இவருக்குக் காது சிவந்துவிட்டது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் பிறகு திறக்கவேயில்லை. கட்டடத்துக்கு ஒரு கீறலும் இல்லை, படிக்கத்தான் ஆளில்லை. மேசைமேல் இன்றும் ஓடுவது அந்த வரிதான்.

முப்பது வருடம் கழித்து விசாரணைக் குழுவிடம் கார்பன் பிரதி சிக்கியது. கையெழுத்திட்ட மூலம் எப்போதோ சாம்பல். அதிகாரி தயங்கவில்லை: "அந்த ரெண்டு வார்த்தை என்னோடது இல்ல. மொத்தமுமே அந்தம்மா வேலைதான்." முதல் பாதி சத்தியம். வாழ்நாளில் அவர் சொன்ன ஒருசில உண்மைகளில் அதுவும் ஒன்று என்பதுதான் வேடிக்கை.

"ஞாபகம் இல்லேன்னு சொல்லிடுங்க அத்தை. இந்த வயசுல எல்லாரும் நம்புவாங்க. ஒத்துக்கிட்டா முழுசையும் உங்க தலையில கட்டிடுவாங்க."

"எனக்கா ஞாபகம் இல்ல? அந்த மெஷின்ல எந்த எழுத்து தேஞ்சிருந்ததுன்னுகூடச் சொல்வேன்."

விசாரணை அறையில் அதிகாரியையும் அம்மாவையும் எதிரெதிரே உட்காரவைத்தார்கள். நடுவில் உத்தரவின் அந்தக் கார்பன் பிரதி. "இது நீங்கள் அடித்ததா?" என்று நீதிபதி கேட்டார். அம்மா படித்தார், உதடு அசையவில்லை. பேனா கேட்டு வாங்கினார். 'வயது வேறுபாடின்றி' என்பதன் கீழே மட்டும் கோடிழுத்தார். சேர்த்தவர் ஓரத்தில் சுருக்கொப்பமிட வேண்டும் என்பது அலுவலக விதி, இட்டார்.

பிறகு தாளை அதிகாரியின் பக்கம் திருப்பி, அடியில் கையெழுத்தில்லாமல் வெறுமையாகக் கிடந்த இடத்தில் ஒரு விரலை ஊன்றிக்கொண்டு, பேனாவை நீட்டினார்.