1.9-க்கு அடுத்த எண்

மலேசியாவில், ஸ்ரீ கெம்பாங்கானில் உள்ள எங்கள் சிறிய தொழிற்சாலை கிளினிக்குகளுக்கு அட்டை வாசிக்கும் கருவி செய்கிறது. கருவிக்குள் ஓடும் மென்பொருள் என் பொறுப்பு. பதினொரு வருடமாகச் செய்கிறேன்; யாராவது குறை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

கணினியில் செருகியதும் கருவி தன் பதிப்பு எண்ணை நான்கு இலக்கத்தில் சொல்லும். முதல் இரண்டு இடம் புள்ளிக்கு முன் வருவதற்கு, மூன்றாவது புள்ளிக்குப் பின் வருவதற்கு, கடைசி இடம் சில்லறைத் திருத்தங்களுக்கு. 1.9 என்றால் 0190. அடுத்தது 1.10 என்று நானே பெயர் வைத்து, 0110 என்று எழுதினேன். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை அது.

கிள்ளானில் ஒரு கிளினிக்கின் கருவிகள் புதிய பதிப்பை ஏற்கவே இல்லை. 'இருப்பதைவிடப் பழையது' என்று ஒரே செய்தி. புதுப்பிக்கும் புரோகிராமை எழுதியவர் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த பொறியாளர். பெர்மிட் அந்த மாதம் முடிகிறது.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "இவரு பெர்மிட்ட ரினியூ பண்றதா வேணாமா, நீங்களே சொல்லுங்க லா," என்றார் என்னிடம், அவரை எதிரில் வைத்துக்கொண்டே.

"என் நம்பர் கரெக்ட், பாஸ். அவரோட புரோகிராம்லதான் கோளாறு," என்றேன்.

நிரூபித்துவிடலாம் என்று, எண்ணைப் பொறியாளருக்கு அனுப்பிய பழைய மெயிலை மடிக்கணினியில் தேடினேன். கிடைத்தது. அதன் கீழே அவருடைய பதிலும் இருந்தது: "அக்கா, மூன்றாவது இடத்தில் ஒரு இலக்கம்தான் கொள்ளும். 0110 என்றால் கணினிக்கு 1.1 தான், 0190-ஐவிடச் சின்னது. 2.0 என்று வைக்கலாமா?"

அதற்கும் கீழே நான்: "எனக்குத் தெரியும். உங்க வேலையைப் பாருங்க."

வெட்கத்தில் காது சுட்டது. மூடிவிட்டால் முதலாளிக்குத் தெரியப்போவதில்லை என்ற நினைப்பும் வந்தது, மறைக்க மாட்டேன். மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன். "தப்பு என்னோடது, பாஸ். இவரு அப்பவே சொல்லிட்டாரு. நான்தான் கேக்கல."

முதலாளி இரண்டு முறை படித்தார். பிறகு பெர்மிட் பாரத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மத்தியானமே 0200 என்று மாற்றி, சரிபார்க்க முதலில் அவரிடம்தான் கொடுத்தேன். "அந்த மெயில நீங்களே காட்டியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"நீங்கதான் தேடிட்டிருந்தீங்களேக்கா," என்றார் அவர். "கெடச்சா நீங்களே சொல்லிடுவீங்கன்னு தெரியும்."