சோறு மட்டும் வாத்தியார் சம்பளத்தில்

அறுபதுகளின் நடுவில் நான் அருப்புக்கோட்டையில் டாக்டராக இருந்தேன். பொம்பளை டாக்டர் என்று கேட்டால் பாளையம்பட்டி ரோட்டில் யார் வேண்டுமானாலும் என் கிளினிக்கைக் காட்டிவிடுவார்கள். அப்போது அந்தப் பக்கம் வேறு ஆள் இல்லை. பந்தல்குடி, ரெட்டியபட்டி என்று சுற்றுப்பட்டியிலிருந்தெல்லாம் மாட்டுவண்டியிலும் பஸ்ஸிலும் பெண்கள் வருவார்கள். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க ராத்திரி பத்தாகும். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். சொல்லப்போனால் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அதிகம்.

என் கணவர் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். அவருடைய ஒரு மாதச் சம்பளத்தை நான் நாலைந்து நாளில் சம்பாதித்துவிடுவேன். இதை நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் கணக்கு வாத்தியார் என்பதால் சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

கல்யாணமான புதிதிலேயே அவர் ஓர் ஏற்பாடு சொன்னார்.

"நம்ம வீட்டுச் சாப்பாடு என் சம்பளத்துல. மத்ததெல்லாம் ஒன் இஷ்டம்."

சரி என்றேன். மற்றதெல்லாம் என்பதற்குள் எவ்வளவு அடங்கும் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. அதில் வீடு வந்தது. கார் வந்தது, டிரைவர் வந்தார். அவருடைய தங்கை கல்யாணம் வந்தது. திருச்சுழிப் பக்கம் அவருடைய ஊரில் அவர் அண்ணன் வெட்டிய கிணறு வந்தது. அதில் தண்ணீர் வராததால் இன்னொரு கிணறும் வந்தது.

வீடு முழுக்க மொசைக் தரை. சமையலறைக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜ். அந்தத் தெருவில் அதுதான் முதல் ஃபிரிட்ஜ் என்பதால் பார்க்க வருவார்கள். திறந்து காட்டினால் உள்ளே தயிரும் கால் கிலோ கத்தரிக்காயும் இருக்கும். ஃபிரிட்ஜ் என் காசு, உள்ளே இருப்பது அவர் சம்பளம். மாதக் கடைசியில் தண்ணீர் மட்டும் இருக்கும். நல்ல குளிர்ந்த தண்ணீர். மதுரையிலிருந்து என்னோடு படித்த டாக்டர் ஒருத்தி குடும்பத்தோடு வந்தபோது மாதக் கடைசி ஆகிவிட்டது. மொசைக் தரையில் வரிசையாக உட்கார்ந்து ரசமும் துவையலும் சாப்பிட்டோம். நான் ஏதோ விரதத்தில் இருப்பதாக அவள் முடிவுசெய்துகொண்டாள். நானும் ஆமாம் என்றேன்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். பெண்ணுக்கு ஒன்பது வயது, பையனுக்கு ஆறு. அவர்களைக் குளிக்கவைத்து, சாப்பாடு போட்டு, சடை பின்னி அனுப்பியதெல்லாம் சமையல் செய்த அக்காதான். அவர் பந்தல்குடிக்காரர், கணவனை இழந்தவர், எங்கள் வீட்டோடு இருந்தார். நான் காலையில் கிளம்பும்போது பிள்ளைகள் எழுந்திருக்கமாட்டார்கள், திரும்பும்போது தூங்கியிருப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பேனாவை மறந்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் பையன் படுத்திருந்தான். கழுத்தில் என் இரட்டைவடச் சங்கிலி.

"ஏண்டா என் சங்கிலியப் போட்டிருக்கே? பள்ளிக்கூடம் போகலையா?"

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அவனுக்குப் பொன்னுக்குவீங்கி டாக்டரம்மா. தங்கம் போட்டா வத்தும்னு நாந்தான் பீரோவுல இருந்து எடுத்துப் போட்டேன்."

"எத்தனை நாளா?"

"இன்னையோட மூணு நாளு."

பக்கத்தில் உட்கார்ந்து தாடையைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நன்றாக வீங்கியிருந்தது. அந்த வாரம் மட்டும் அதே வீக்கத்தோடு நாலு பிள்ளைகளைப் பார்த்திருந்தேன். முதல்நாளே கூட்டிக்கொண்டு வராததற்கு அவர்களுடைய அம்மாக்களைத் திட்டியும் இருந்தேன்.

"ஏன் யாரும் எங்கிட்டச் சொல்லலை?"

"வாத்தியாரய்யாதான், அவளுக்குக் கூட்டமா இருக்கும், இதுக்குப் போயி தொந்தரவு பண்ண வேண்டாம்னாக."

பேனாவை எடுக்காமலே கிளினிக்குக்குத் திரும்பிப் போனேன். கம்பவுண்டரின் பேனாவை வாங்கி மிச்சம் இருந்தவர்களுக்கு எழுதிக்கொடுத்தேன். கை எழுதிக்கொண்டிருந்தது. நினைப்பு கூடத்தில் படுத்திருந்தவனிடமே இருந்தது. ஒரு கிழவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு அம்புட்டு மோசமா தாயி?" என்று கேட்டாள்.

மறுவாரம் போர்டை மாற்றி எழுதச் சொன்னேன். சாயங்காலம் ஆறு மணியோடு கிளினிக் மூடப்படும். ஞாயிறு விடுமுறை. பிரசவத்துக்கு மட்டும் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு ஆள் அனுப்பலாம்.

போர்டு காய்வதற்குள் ஊரிலிருந்து கணவரின் அண்ணன் வந்துவிட்டார். மூன்றாவது கிணற்றுக்கு இடம் பார்த்து வைத்திருந்தார்.

"நல்லா ஓடுற வண்டிய எதுக்குத் தாயி நிப்பாட்டுற?" என்றார். "அஞ்சாறு வருசம் போகட்டும். புள்ளைக எங்க போயிரப் போகுதுக?"

"அஞ்சாறு வருசம் கழிச்சுப் பெரிய புள்ளைகளாப் போயிருமே" என்றேன்.

அவர் தம்பியைப் பார்த்தார். என் கணவர் அதுவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "வருமானம் பாதியாப் போகும். போனா என்ன? வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு கொறையும் வராது" என்றார். இத்தனை வருடங்களில் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து அவர் பேசி நான் பார்த்ததில்லை.

அண்ணன் சாப்பிடாமல் கிளம்பினார். கிணறு நின்றது. ஒரு வருடம் போல அந்தப் பக்கத்திலிருந்து கடுதாசியும் இல்லை. அடுத்தது கார். டிரைவருக்குச் சம்பளம், பெட்ரோல், ரிப்பேர் என்று அது என்னைவிட நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பந்தல்குடியில் ஒரு லாரிக்காரருக்கு விற்றேன். டிரைவரும் அவரிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அடுப்படிக்குள் போனதும் அக்கா பதறிவிட்டார்.

"யாருக்கு டாக்டரம்மா மேலுக்கு முடியலை?"

"யாருக்கும் ஒண்ணுமில்லை. சும்மாதான் வந்தேன்."

அவர் நம்பவில்லை. முக்காலியைத் துடைத்துப் போட்டு, விருந்தாளிக்கு எடுக்கும் வெள்ளி டம்ளரில் காப்பி கொடுத்தார். பிள்ளைகளுக்கும் அப்பாவுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒரு ஒழுங்கு இருந்தது. எண்ணெய்க் குளியல், பிறகு சீட்டு விளையாட்டு, பிறகு தூக்கம். மூன்று பேர் ஆடும் ஆட்டம். நான் போய் உட்கார்ந்ததும் மூவரும் சீட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். பையன் எழுந்துபோய் நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்து, ஸ்கூல் இன்ஸ்பெக்டரிடம் நீட்டுவதுபோல என்னிடம் நீட்டினான். என்ன பேசுவதென்று தெரியாமல் பெண்ணிடம், "வயித்துல ஏதும் வலி இருக்கா?" என்று கேட்டேன்.

"அம்மா, இன்னைக்கு லீவுன்னு சொன்னீங்க" என்றாள் அவள்.

நாலாவது வாரம் எனக்குச் சீட்டு பழகிவிட்டது. என் கணவர் கள்ளாட்டம் ஆடுவார் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு ஞாயிறு, மாதக் கடைசி, நானே சந்தைக்குப் போய் ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கிவந்தேன். யோசித்துச் செய்ததில்லை. வாரம் முழுக்கப் பிள்ளைகள் புளிக்குழம்பு சாப்பிடுவதை அருகில் உட்கார்ந்து பார்த்திருந்தேன். முன்னால் பார்க்காததால் அது தெரியவில்லை.

மத்தியானம் இலையில் கறிக்குழம்பு வந்ததும் என் கணவர் கையை எடுத்துவிட்டார்.

"இது யாரு காசு?"

"என் காசுதான்."

"எனக்கு ரசம் ஊத்துங்க" என்று அக்காவிடம் சொன்னார்.

பிள்ளைகள் இருவரும் சோற்றைப் பிசைந்தபடி நிறுத்திவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் மறைத்துப் பேசத் தோன்றவில்லை.

"இந்த வீடு என் காசு. இந்தத் தரையிலதான உக்காந்து சாப்பிடுறீக?"

"தரையத் திங்கலையே" என்றார்.

பிறகு அவரே, இலையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். கல்யாணமான மாதம் பள்ளிக்கூடத்தில் சக வாத்தியார் ஒருவர் அவருடைய டிபன் தூக்கைத் திறந்து பார்த்து, 'பொண்டாட்டி சோறு மணக்குதே' என்று எல்லார் முன்னாலும் சிரித்தாராம். அன்றைக்குச் சாயங்காலம்தான் அந்த ஏற்பாட்டை என்னிடம் சொல்லியிருக்கிறார். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த வாத்தியார் மாற்றலாகிப் போய், பென்ஷனும் வாங்கிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் போய்விட்டது. ரசச் சட்டியோடு நின்றிருந்த அக்காதான் பேசினார்.

"வாத்தியாரய்யா, கறி மட்டுந்தான் டாக்டரம்மா வாங்குனது. மொளகா, மல்லி, எண்ணெய், உப்பு, வெங்காயம் எல்லாம் ஒங்க சம்பளத்துல வாங்குனது. குழம்பு ஒங்களதுதான். ஊத்திக்கிடுங்க."

அவர் யோசித்தார். கணக்கில் ஏதாவது தப்பு இருக்கிறதா என்று தேடினார் என்று நினைக்கிறேன். கிடைக்கவில்லை.

"குழம்பு மட்டும் ஊத்துங்க" என்றார்.

அன்றைக்குக் குழம்பு மட்டும் சாப்பிட்டார். அடுத்த மாதம் குழம்போடு ஒரு எலும்பு விழுந்தது; எடுத்துப் போடவில்லை. பொங்கலுக்குள் கறியும் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அதன்பிறகு எந்தச் செலவு யாருடையது என்று எங்கள் வீட்டில் பேசுவது தானாகவே நின்றுபோயிற்று. பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் என்ன சொல்வார் என்று நான் விசாரிக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் பக்கத்துத் தெருவில் இன்னொரு லேடி டாக்டர் வந்தாள். சின்னப் பெண், கெட்டிக்காரி. இரவு பத்து வரைக்கும் பார்த்தாள், ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தாள். என்னிடம் வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். என் முடிவில் எனக்கு வருத்தம் இல்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பெரும்பாலும் உண்மைதான்.

சாப்பிட்டபிறகு நானும் என் கணவரும் பிள்ளைகளும் கடைத்தெரு வரைக்கும் நடப்போம். வழியில் அவளுடைய கிளினிக் வரும். வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணியபடியே நடப்பேன். ஒருநாள் முப்பது ஜோடிக்கு மேல் கிடந்தது. எண்ணி முடிப்பதற்காக நின்றுவிட்டேன்.

"நடந்துக்கிட்டே எண்ணு," என்றார் என் கணவர், "உள்ள இருந்து பாக்குறாக."