இல்லாத பன்னிரண்டு வேலைகள்

ஹெப்பகோடியில் அட்டைப் பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில், ஆள் எடுக்கும் பிரிவில் ஐந்து வருடம் இருந்தேன். அரசாங்கத்தின் வேலைவாய்ப்பு இணையதளத்தின் லட்சணத்தை அங்கேதான் பார்த்தேன். வேலை தேடுகிறவரையும் கொடுக்கிறவரையும் சேர்த்து வைப்பதாக முகப்பில் எழுதியிருக்கும். பக்கத்தில் ஒரு மந்திரியின் சிரித்த முகம். நெட் எவ்வளவு மந்தமாக இருந்தாலும் அந்தப் படம் மட்டும் முதலில் வந்துவிடும்.

வேலை மேளாவுக்கு முன்னால், காலியிடங்களை அந்தத் தளத்தில் பதிவு செய்யச் சொல்லி வேலைவாய்ப்பு இலாகாவிலிருந்து கடிதம் வரும். அந்த வருடம் எங்களிடம் காலி என்று ஒன்றுகூட இல்லை. மேனேஜர் கடிதத்தை என் மேஜையில் போட்டார்.

"ஒரு பன்னெண்டு போட்டு வுடுப்பா."

"எந்த வேலைக்கு சார்?"

"ஏதோ ஒண்ணு. யார் வந்து எண்ணப் போறாங்க?"

போட்டேன். மனம் உறுத்தியதா என்றால் இல்லை. சாப்பாட்டு நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

மறுவாரம் செக்யூரிட்டி கூப்பிட்டார். கேட்டில் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண் நின்றிருந்தார். மர்பி டவுனிலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். தளம் அனுப்பிய மெசேஜை பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

"பேக்கிங் சூப்பர்வைசர் வேலைன்னு வந்துச்சு சார். பதினாறு வருஷம் கார்மென்ட்ஸ்ல செக்கிங் பாத்தேன். இப்ப மூடிட்டாங்க."

"அந்த வேலைக்கு ஆள் எடுத்தாச்சும்மா."

"நேத்து சாயங்காலம்தான சார் மெசேஜ் வந்துச்சு?"

"இன்னிக்கு காலைலதான் எடுத்தோம்."

அவர் வெயிலில் நின்றார். தண்ணீர் வேண்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை.

தளம் அனுப்பும் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரு முடிவைக் குறித்தால்தான் அந்தக் காலியிடத்தின் கணக்கு முடியும். 'தகுதி இல்லை' என்று குறித்தால் ஏன் என்று நாலு வரி எழுத வேண்டும். 'வேலையை மறுத்துவிட்டார்' என்றால் ஒரே கிளிக். வேலை இல்லை என்று உண்மையைச் சொல்ல மட்டும் அதில் இடமே கிடையாது. எல்லோருக்கும் அந்த ஒரே கிளிக்கைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஒன்றரை மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார்.

"நான் எப்ப சார் வேணாம்னு சொன்னேன்?"

எனக்கு உடனே புரியவில்லை. மெசேஜ் எதுவும் வராததால் சேவை மையத்தில் போய்க் கேட்டிருக்கிறார். வேலையை மறுத்தவர்களுக்கு ஆறு மாதம் எதுவும் அனுப்பாதாம் அந்தத் தளம்.

"சிஸ்டம் அப்படிம்மா" என்றேன்.

"சிஸ்டமா என்னை கேட்ல பாத்துச்சு? நீங்கதான சார் பாத்தீங்க. உங்க விரல் நோவக்கூடாதுன்னு எம்பேர்ல பொய் எழுதிட்டீங்க."

செக்யூரிட்டி தலையைத் திருப்பிக்கொண்டார். நான் அந்த அம்மாவின் நம்பரை வாங்கிக்கொண்டேன். சரி செய்கிறேன் என்றேன்.

மறுநாள் லீவு போட்டு இலாகா ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி கன்னடத்தில் பேசினார். தவறு என்னுடையது, மாற்றித் தாருங்கள் என்றேன். ஒருமுறை குறித்ததை மாற்ற முடியாது, மேலிடத்துக்கு மெயில் போடுங்கள் என்றார். போட்டேன். மூன்றுமுறை போட்டேன். தங்கள் கருத்துக்கு நன்றி என்று மூன்றுமுறையும் பதில் வந்தது.

மேளா முடிந்ததும் எங்கள் கம்பெனிக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. வேலைவாய்ப்பை உருவாக்கியதற்காம். மேனேஜர் அதை ஃபிரேம் போட்டு ரிசப்ஷனில் மாட்டினார். மாட்டும்போது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது நான்தான். அந்தத் தளத்தையும் அந்த ஆபீசையும் எவ்வளவு கேவலமாக நினைத்தேனோ, அதில் பாதியாவது அன்று என்னைப் பற்றியும் நினைத்தேன்.

நாலு மாதம் ஆனபின் தைரியம் வரவழைத்துக்கொண்டு அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். பின்னால் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம்.

"ஒக்கலிபுரத்துல ஒரு தையல் யூனிட் சார். பழைய கம்பெனில கூட இருந்த பொண்ணு சேத்துவிட்டா."

"ரொம்ப சந்தோஷம்மா. நான் அன்னிக்கு..."

"வேலை நேரம் சார். இனிமே போன் பண்ணாதீங்க."

"சரிம்மா" என்றேன். அதற்குள் வைத்துவிட்டிருந்தார்.