நாயகம் அண்ணை பூட்டிய கம்பிச் சில்லுகள்

செய்தியைக் கொண்டுவந்தவர் காதர் நானா. நான் அச்சகத்தில் சங்கத்து ஏட்டின் மெய்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். சைக்கிளைச் சுவரில் சாத்தக்கூடப் பொறுமையில்லாமல் வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"நாயகம் மௌத்தாயிட்டார், தம்பி."

நான் வாய் திறக்குமுன் அவரே தொடர்ந்தார். "ஆஸ்பத்திரியில சாகடிச்சுப் போட்டாங்கள். மருந்து குடுக்காம விட்டிருக்காங்கள். கொம்பனிக்காரன் ஆரையோ பிடிச்சிருப்பான். அப்பிடியே எழுது."

எழுதக் கை அரித்தது. கூலிக்காரனுக்கு ஒரு வரிசையும் உத்தியோகத்தருக்கு ஒரு கதவும் வைத்திருக்கிற நாட்டில் அதை நம்புவது கடினமில்லை. ஆனால் இறந்தவர் நாயகம் அண்ணை. விசாரிக்காமல் ஒரு வரி எழுதினால் சவப்பெட்டிக்குள் இருந்தே எழும்பி, "ஆர் சொன்னது? அவன் கண்ணால கண்டவனோ?" என்று கேட்கக்கூடிய ஆள். ஆகவே எழுதுமுன் அவருடைய வீட்டுக்குப் போனேன். அங்கே அறிந்ததைக் கடைசியில் சொல்கிறேன்.

மரியநாயகம் என்ற முழுப்பெயர் சங்கப் பதிவில் மட்டும்தான் இருந்தது. துறைமுகத்தில் சரக்கு இறக்கும் எல்லோருக்கும் அவர் நாயகம் அண்ணை. எங்கள் சங்கத்தின் செயலாளர். அண்மையில் சேர்ந்தவர்கள் அவரைச் சால்வையும் இருமலுமாகத்தான் கண்டிருப்பீர்கள். நான் கண்ட மனிதர் யாரையும் நம்பாதவர். எங்களுக்கு வேலை கொடுக்கும் சரக்குக் கொம்பனியின் கந்தோரில் தேநீர் கொடுத்தால் தொடமாட்டார். கதிரை கொடுத்தால் இருக்குமுன் ஒருதரம் ஆட்டிப் பார்ப்பார். முதலாளி பக்கத்து ஆட்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர் அதற்காக ஒருநாளும் ஆட்டாமல் இருந்ததில்லை.

இப்படிப்பட்டவரிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. எங்கள் ஊர் உவர்மலையில் இருந்த வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரி ஒருவன், தளத்தைக் கையளித்துவிட்டுக் கப்பலேறியபோது விட்டுப்போனது. நிலத்தோடு ஒட்டிய உடம்பு, மடக்குகிற துணிக்கூரை, இரண்டே இரண்டு இருக்கை, சிவப்பு நிறம். ஆடுகள் படுத்துக்கிடந்த அதை ஒருவரும் கேட்காததால் இவர் எடுத்து, வருடக்கணக்காகத் தானே திருத்தி ஓடவைத்தார். பாண் வாங்கச் சனம் விடியமுன் வரிசையில் நின்ற காலம் அது. அந்த வரிசையைக் கடந்து தொழிலாளர் சங்கச் செயலாளர் ஸ்போர்ட்ஸ் காரில் போனால் எப்படி இருக்கும்? எனக்குப் பற்றி எரிந்தது. முகத்துக்கு நேரேயே கேட்டேன்.

"கொடியும் சிவப்பு, காரும் சிவப்பு. பிறகென்ன தம்பி உனக்கு?" என்று சிரித்தார்.

மூட்டை இறக்கும் கூட்டமொன்றுக்குத் தலைவரான காதர் நானா சிரிக்கவில்லை. "ரெண்டு பேர் மட்டும் இருக்கிற கார் வச்சிருக்கிறவன், மூண்டாம் ஆளுக்குக் கேக்கக் கூடாத கதை ஏதோ வச்சிருக்கான்" என்றார். அது அவருடைய பகிடி என்று சிலர் நினைத்தார்கள். நான் நினைக்கவில்லை.

பிறகு அந்த மாதம் வந்தது. கப்பலின் அடித்தட்டில் மூட்டைகள் சரிந்து ஒருவனின் கால் நசுங்கியது. நட்டஈடு கேட்டார்கள் என்பதற்காகக் காதர் நானாவின் கூட்டத்து நாட்கூலிக்காரர் அத்தனை பேரையும் கொம்பனி வாயிலில் மறித்துவிட்டது. அநேகமாகக் கிண்ணியா, மூதூர் ஆட்கள். ஒரு நாள் வேலை இல்லாவிட்டால் அன்று அடுப்பு இல்லை. அவர்களைத் திரும்ப எடுப்பது பற்றிப் பேசக் கொழும்பில் நாள் குறித்தார்கள். அதே வாரம் நாயகம் அண்ணையின் வளவில் நான்கு சில்லுகள் வந்திறங்கின.

சைக்கிள் சில்லு மாதிரிக் கம்பி பின்னிய கார்ச் சில்லுகள். இறக்குமதி முழுவதும் அடைபட்டு, சைக்கிள் டயருக்கே நாயாய் அலைந்த காலத்தில் இவை எங்கிருந்து வந்தன? கொம்பனி மனேச்சரிடமும் முன்பு கம்பிச் சில்லுக் கார் ஒன்று நின்றது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. காதர் நானா என்னைப் பார்த்தார். நான் நாயகம் அண்ணையிடம் போனேன்.

"உது எங்கால, அண்ணை?"

"சல்லியால."

"சல்லிக் கரையில மீனெல்லோ பிடிக்கிறவை?"

"அப்ப அங்க போய்க் கேள்."

பழைய இரும்புச் சில்லுகளில் ஆணித் துளைகள் தேய்ந்து அகன்றுவிட்டன, கொழும்பு வரைக்கும் தாங்காது என்றார். ரயிலில் போகச் சொன்னேன். "ரயில்ல போனா நான் எங்க ஏறி எங்க இறங்கிறனெண்டு கொம்பனிக்கும் தெரியும்" என்றார். கராஜில் கொடுத்துப் பூட்டச் சொன்னேன். "கொம்பனி லொறி திருத்திறவன்ர கை என்ர காரில படக்கூடாது." அதற்குமேல் கதையில்லை. சங்கக் கந்தோருக்கு எதிரே இருந்த தன் வளவில், எல்லோரும் பார்க்க, தானே பூட்டத் தொடங்கினார்.

காரைத் தென்னங்குற்றிகளில் ஏற்றினார். பழைய சில்லுகளைக் கழற்றி, அச்சில் அவை பிடித்திருந்த நடுக் குடங்களையும் இழுத்தெடுத்தார். கம்பிச் சில்லுக்குக் குடமே வேறு. அதில் வரிவரியாகப் பல் வெட்டியிருக்கும். கிறீஸ் பூசிச் சில்லை அந்தப் பற்களின்மேல் தள்ளிவிட்டு, நடுவில் இரண்டு காது வைத்த ஒரே ஒரு பெரிய நட்டை முறுக்கிச் செப்புச் சுத்தியலால் காதில் அடிக்கவேண்டும். வலப்பக்க நட்டும் இடப்பக்க நட்டும் ஒன்றுக்கொன்று எதிராக முறுகும். கார் முன்னே ஓட ஓட நட்டு தானாக இறுகட்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். குடம் பக்கம் மாறினால் அதே ஓட்டம் நட்டைக் கழற்றும். எது எந்தப் பக்கம் என்று காட்டும் அம்புக்குறிகளை உப்பு தின்றிருந்தது. நாயகம் அண்ணை தயங்கவில்லை. இது இங்கே, அது அங்கே என்று எடுத்து வைத்தார்.

அவருடைய மனைவி திரேசா அக்கா குசினி யன்னலால் எட்டிப் பார்த்தா. "கோயிலுக்கு வாறதுக்கு இந்த மனுசனுக்கு ஒரு சோடிச் சப்பாத்து இல்லை. காருக்கு மட்டும் நாலு."

கடைசியாக ஒரு வேலை செய்தார். நட்டின் மேலிருந்து குடம் வரைக்கும் வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு இழுத்தார். நான்கு சில்லுக்கும் அப்படி. "ஆரும் கை வச்சா கோடு முறியும்" என்றார், வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்கத்தக்கதாக.

கொழும்புக்கு அவரோடு என்னை அனுப்பினார்கள். காவலுக்கு என்றார்கள். யாரை யாரிடமிருந்து காக்க என்று சொல்லவில்லை. அவருக்கும் விளங்கியிருந்தது. "என்னைப் பாக்க வந்தனியோ, காரைப் பாக்க வந்தனியோ?" என்று கேட்டுக்கொண்டே நான்கு கோடுகளையும் குனிந்து பார்த்தார். என்னையும் பார்க்கவைத்தார். ஒன்றும் முறிந்திருக்கவில்லை.

இடையில் எங்கும் நிற்கவில்லை. கந்தளாய்க்குக் கிட்டப் போகும்போது வலப்பக்கத்தால் ஒரு சில்லு எங்களை முந்திக்கொண்டு போனது. "ஆற்றையோ சில்லு போகுது, அண்ணை" என்றேன். சொல்லி முடியவில்லை, காரின் பின்பக்கம் நிலத்தில் குந்தியது. தீப்பொறி பறக்கச் சுழன்று போய் வாய்க்காலில் விழுந்தோம். எனக்குச் சிராய்ப்பு. அவருக்குக் காறையெலும்பு முறிந்தது. கொழும்பில் கொம்பனிக்காரர் கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டு, சங்கத்துக்கு அக்கறையில்லை என்று சொல்லி எழும்பிப் போய்விட்டார்களாம்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கிடத்தியிருந்த கட்டிலில் இருந்தபடி என்னைத் திரும்பவும் காரடிக்கு அனுப்பினார். கழன்று விழுந்த நட்டை வழியில் தேடி எடுத்துக்கொண்டு, மற்றச் சில்லுகளையும் பார்த்துவிட்டு வந்தேன்.

"முன்னுக்கு ரெண்டும் சரி. பின்னுக்கு மற்றப் பக்கத்துக் கோடும் முறிஞ்சிருக்கு, அண்ணை."

"எந்தப் பக்கம் திரும்பியிருக்கு?"

"கழலுற பக்கம்."

"வெளிக்கிடேக்க?"

"நல்லாத்தான் இருந்தது."

"வழியில நிண்டமோ?"

"இல்லை."

கண்ணை மூடிக்கொண்டார். "அப்ப எங்கட ஓட்டந்தான் கழட்டினது. பின் குடம் ரெண்டும் பக்கம் மாறிப் போச்சு. நான்தான் மாத்திப் பூட்டியிருக்கிறன்."

நாங்கள் ஊர் திரும்பியபோது துறைமுக வாயிலில் நான் அதுவரை கண்டிராத கூட்டம். கொம்பனிக்காரன் நட்டைக் கழற்றிச் செயலாளரைக் கொல்லப் பார்த்தான் என்று கதை பரவியிருந்தது. எங்கள் சங்கத்தை எட்டியும் பார்க்காத கிறேன்காரர்கள்கூட வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். கோடு முறிந்தது தெரிந்ததும் சந்தேகமே இல்லாமல் போயிற்று. அவர் வேலி கேட்கச் சொன்ன வார்த்தையை இப்போது ஊரே திருப்பிச் சொன்னது.

நான் அவருடைய காதுக்குள் சொன்னேன். "வாயைத் திறக்காதேங்கோ. நீங்கள் பொய் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தாக் காணும். ரெண்டு நாளையில மறிச்ச பொடியள் எல்லாரும் திரும்ப வேலைக்குப் போயிடுவாங்கள்."

"கொம்பனிக்காரன் நாளைக்கு ஒரு பொய் சொல்லேக்க நான் எந்த மூஞ்சையோட கேக்கிறது?" என்றார்.

கையைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டபடி பெட்டியொன்றின்மேல் ஏறினார். மற்றக் கையில் அந்த நட்டு.

"சில்லைக் கொம்பனி கழட்டேல்லை. நான் பிழையாப் பூட்டினனான். கோடு வெளிக்கிடேக்க முறியேல்லை, இந்தத் தம்பியும் பாத்தவன். கொம்பனி செய்த அநியாயம் வேற கிடக்கு. கால் நசிஞ்சவன் வீட்டில கிடக்கிறான். அதுக்கு வாறதெண்டா வாங்கோ."

பின்னால் இருந்து ஒரு குரல்: "என்ன வாங்கினாய், நாயகம்?"

இன்னொரு குரல்: "தெரியாதே? நாலு சில்லு!"

சிரிப்பு எழும்பியது. அந்தச் சிரிப்போடு கிறேன்காரர்கள் திரும்பிப் போனார்கள். வேலைநிறுத்தம் நொண்டி நொண்டி நடந்தது. மறிக்கப்பட்டவர்களில் பாதிப் பேரைத்தான் திரும்ப எடுத்தார்கள். காதர் நானாவின் தம்பி மற்றப் பாதியில் அகப்பட்டுவிட்டார். அதற்குப் பிறகு நெடுங்காலம் நானா செயலாளரோடு ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்ததில்லை. அந்தக் கூட்டம் கலையாமல் நின்றிருந்தால் எல்லோரும் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள் என்று அன்று நினைத்தேன். இன்றும் அந்த நினைப்பு என்னை விட்டு முழுதாகப் போகவில்லை. அவரை வாழ்த்த வந்த இடத்தில் இதை மறைத்தால் அவருக்கே பிடிக்காது.

கொம்பனி அவரை வாங்கிவிட்டது என்ற கதை ஊரில் தடித்துக்கொண்டு வந்தது. நானும் பாதி நம்பினேன். உண்மையைப் பிடித்துவிடலாம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு சல்லிக்குப் போனேன்.

கோயிலுக்கு இப்பால், கருவாடு காயும் மணலில் ஒரு மீன்வண்டி நின்றது. நாயகம் அண்ணையின் காரில் இருந்த அதே இரும்புச் சில்லுகள் நான்கும் அதில். கொஞ்சம் சிவப்புப் பெயின்றும் ஒட்டியிருந்தது. வண்டிக்காரரின் பெயரை நான் எழுதப்போவதில்லை.

"உங்கட அண்ணை ஒரு பேயன் தம்பி" என்றார் அவர் சந்தோசமாக. "கம்பிச் சில்லு மணலுக்க புதையும், கம்பி உக்கும். அதை வாங்கிக்கொண்டு இந்த நல்ல சில்லைத் தந்திட்டுப் போட்டார்."

புயலில் கவிழ்ந்து கரையில் கிடந்த வெள்ளைக்காரன் கார் ஒன்றிலிருந்து அவருடைய தகப்பன் கழற்றி வண்டிக்குப் பூட்டியவையாம் அந்தக் கம்பிச் சில்லுகள். மனேச்சரும் இல்லை, கொம்பனியும் இல்லை. நான் ஏமாந்தவன்போல நின்றேன்.

"ஆனா மனுசன் சரியான கரைச்சல்" என்று அவர் தொடர்ந்தார். "எந்தக் குடம் காரில எந்தப் பக்கம் நிண்டது, வடிவா யோசிச்சுச் சொல்லு எண்டு விடாமக் கேட்டார். எனக்கெங்க தெரியும்? வண்டிக்கு என்ன வலம், என்ன இடம்? கரைக்கு இழுப்பம், றோட்டுக்குத் தள்ளுவம். தெரியாதெண்டு சொல்ல வெக்கமாப் போச்சு. இது இந்தப் பக்கம், அது அந்தப் பக்கமெண்டு சும்மா கையைக் காட்டினனான்." பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "ஏன் தம்பி, அதால ஏதும் பிழை வந்ததோ?"

கொம்பனிக் கதிரையை ஆட்டிப் பார்க்கிற மனிதர், கராஜ்காரனை நம்பாதவர், ரயிலை நம்பாதவர், இந்த ஒருவரின் கையை நம்பியிருக்கிறார். ஊர் முழுவதும் சிரித்தபோது பெட்டியின்மேல் நின்றுகொண்டு, "சல்லியில ஒருத்தன் பிழையாச் சொல்லிப்போட்டான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சில்லு எங்கிருந்து வந்தது என்ற பழியும் அதோடு போயிருக்கும். நான் பூட்டினனான் என்றார், அவ்வளவுதான்.

"இல்லை அண்ணை, ஒரு பிழையும் வரேல்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இனி, வீட்டில் அறிந்தது. திரேசா அக்கா அலுமாரியைத் திறந்து ஒரு பிஸ்கற் தகரத்தை எடுத்துத் தந்தா. உள்ளே நிறையக் குளிசைகள். "போன மாசம் ஆஸ்பத்திரியால தந்தவை. ஆர் கட்டித் தந்ததோ எண்டு ஒண்டும் விழுங்கேல்லை. எனக்கு விழுங்கிறனெண்டு சொல்லிப்போட்டு இதுக்க போட்டு வந்திருக்கிறார். கடைசி நாள் டொக்டர் பக்கத்திலயே நிண்டவர் தம்பி, நான் கண்ணால கண்டனான். அதுக்குள்ள நேரம் பிந்திப் போட்டுது."

ஆகவே, காதர் நானா, அவரை யாரும் சாகடிக்கவில்லை. இதை வாசித்துவிட்டு நீங்கள் என் வாங்கிலும் இருக்கமாட்டீர்கள் என்று தெரியும். இந்த ஊரில் மருந்தில்லாமல் சாகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு கூட்டம் கூட்டுங்கள், முன்வரிசையில் நிற்கிறேன். நாயகம் அண்ணையை அந்தக் கணக்கில் சேர்க்க என்னால் ஏலாது.

அந்த நட்டைத் திரேசா அக்கா என்னிடமே தந்துவிட்டா. ஒரு காது மழுங்கிவிட்டது. அவர் இழுத்த வெள்ளைக் கோட்டில் பாதி அதில் இருக்கிறது. மற்றப் பாதி குடத்தோடு போய்விட்டது. எங்கள் பக்கத்துக்கு வாய்ப்பான செய்தி எது வந்தாலும், அச்சுக்கு விடுமுன் அந்தப் பாதிக் கோட்டை ஒருதரம் பார்க்கிறேன்.